உங்களுக்கு வகுப்பெடுக்காத ஒருவரை உங்கள் ஆசிரியர் என்று சொல்வீர்களா? யார் அவர்?

சொல்வேன். பேராசிரியர் சே. இராமானுஜம். தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழக நாடகத்துறையில் இருந்தவர். அவரை நான் நேரில் பார்த்ததில்லை. 2016 டிசம்பரில் அவர் காலமான செய்தி வந்தபோது அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

தெரிய வந்தது திருக்குறுங்குடியில். நான் நாங்குநேரிப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியர். கார்த்திகை மாதத்துக் கைசிக ஏகாதசிக்கு அத்தை குறுங்குடிக்குப் போவார். ஒரு வருடம் துணைக்கு ஆளில்லை. "ராத்திரி கோயில்ல நாடகம் இருக்கும், நீயும் வா" என்று என்னைக் கூட்டிப் போனார். விடிய விடியக் கல்தரையில் உட்கார வேண்டுமே என்ற தயக்கத்தோடுதான் போனேன்.

கதை சின்னதுதான். நம்பாடுவான் பாணர் குலத்தவர். கோயிலுக்குள் வர முடியாதவர், வெளியே நின்று பெருமாளைப் பாடுகிறவர். ஏகாதசி இரவில் பாடப் போகும் வழியில் ஒரு பிரம்மராட்சசன் பிடித்துக்கொள்கிறான். "பாடி முடித்துவிட்டு வருகிறேன், அப்புறம் தின்றுகொள்" என்று இவர் சத்தியம் செய்கிறார். ஒரு சத்தியம் இல்லை, பதினெட்டு. கடைசிச் சத்தியத்துக்குத்தான் ராட்சசன் பிடியை விடுகிறான். பாடி முடித்ததும் சொன்ன சொல் தவறாமல் திரும்பி வருகிறார். வழியில் ஒரு கிழவர் "வேறு பாதையில் போய்த் தப்பித்துக்கொள்" என்கிறார். கேட்பதில்லை. வந்து நின்றால் ராட்சசனுக்குப் பசியே போய்விட்டது. பாட்டின் பலனைக் கொடு என்று கெஞ்சுகிறான்.

நம்பாடுவானாக வந்தவர் ஒரு பெண். பதினெட்டுச் சத்தியங்களையும் அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருந்த அத்தையின் உதடும் கூடவே அசைந்தது. இது பெருமாளுக்காக ஆடும் நாடகம், ஊர் கூடவே உட்கார்ந்து பார்க்கிறது. நம்பாடுவான் தரிசிப்பதற்காகக் கொடிமரம் விலகி நின்றதாகச் சொல்லும் கோயிலுக்குள்ளேயே அந்தக் கதையைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று எழுத்தில் சொல்ல எனக்கு வரவில்லை. கொடிமரம் இன்றைக்கும் நேராக இல்லாமல் தள்ளித்தான் நிற்கிறது.

விடியும்போது அத்தை சொன்னார்: "இது நின்னு போகப் பாத்துச்சுய்யா. நாங்குநேரிக்காரர் ஒருத்தர்தான் திரும்ப ஒழுங்கா ஆட வச்சாரு."

நூற்றாண்டுகளாகத் தேவதாசி மரபினர் ஆடிவந்த கைசிக நாடகம் காலப்போக்கில் தேய்ந்து, பெயரளவுக்கான சடங்காகிவிட்டிருந்தது. இராமானுஜமும் நடனக் கலைஞர் அனிதா ரத்னமும் சேர்ந்து 1999இல் அதை முழு நாடகமாக மீட்டார்கள். இராமானுஜம் பிறந்த நாங்குநேரிக்கும் குறுங்குடிக்கும் பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். ஆனால் 1935இல் பிறந்த அவர் இந்த நாடகத்துக்கு வந்து சேர்ந்த வழி மிகச் சுற்று. டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் இப்ராஹிம் அல்காசியிடம் படித்தார். 1977இல் காந்திகிராமத்தில் நாடகப் பயிற்சிப் பட்டறை நடத்தினார். அதில் பயின்ற மு. ராமசாமி அடுத்த ஆண்டே மதுரையில் நிஜ நாடக இயக்கத்தைத் தொடங்கினார். தமிழில் நவீன நாடகம் என்று இன்று சொல்வதன் வேர்களில் ஒன்று அந்தப் பட்டறை. அப்புறம் மலையாள நாடக ஆசிரியர் ஜி. சங்கரப் பிள்ளையோடு திருச்சூர் நாடகப் பள்ளி. கேரளத்தில் அவருக்கு இருக்கும் மரியாதையில் பாதியாவது இங்கே இருக்கிறதா என்பது என் நெடுநாள் ஆதங்கம். பிறகுதான் தஞ்சாவூர். 2008ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாதெமி விருதும் பெற்றவர்.

டெல்லியில் கற்றுவந்ததை அப்படியே இங்கே நட்டுவைக்க அவர் முயலவில்லை. நான் அவரை ஆசிரியராக எடுத்துக்கொண்டது அதனால்தான். பழங்காலக் கிரேக்க நாடக ஆசிரியர் யூரிப்பிடிஸ் எழுதிய டிராய் நகரப் பெண்களின் கதையை அவர் 'வெறியாட்டம்' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். போரில் ஆண்களையெல்லாம் இழந்து, அடிமையாகப் போகக் காத்திருக்கும் பெண்கள். அந்தத் துக்கத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது நம் ஒப்பாரியை. நம் ஊரில் எழவு வீட்டுக்குப் போகாதவர் யார்? அத்தனை பேரும் கேட்ட ஒப்பாரிதான். அதற்குள் ஒரு கிரேக்க நாடகத்தையே தாங்கும் வலு இருக்கிறது என்று ஒருவருக்குத் தோன்ற வேண்டும் இல்லையா?

அதைப் படித்த பிறகு என் பள்ளி ஆண்டுவிழா நாடகமும் மாறியது. அதுவரை நான் வசனத்தை எழுதிக் கொடுப்பேன், பிள்ளைகள் மைக்கைப் பார்த்து ஒப்பிப்பார்கள். அந்த வருடம் வெள்ளத்தில் ஊரை இழந்தவர்களின் கதை. வீட்டுப் பெண்கள் அழும் இடத்துக்கு நான் வசனமே எழுதவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேரை வட்டமாக உட்காரச் சொல்லி, "உங்க ஆச்சிமார் எப்படி அழுவாங்க?" என்று மட்டும் கேட்டேன். முதலில் சிரித்தார்கள். அப்புறம் ஒருத்தி பக்கத்துப் பிள்ளையின் தோளில் கையைப் போட்டாள். எல்லாரும் போட்டார்கள். வட்டம் மெல்ல முன்னும் பின்னும் ஆடத் தொடங்கியது. சொல்லே இல்லாமல் ஓர் இழுவை மட்டும் வந்தது.

சரி, எதிர்ப்பும் வந்தது. பள்ளிக்கூடத்தில் ஒப்பாரியா, அபசகுனம் என்று ஆசிரியர் அறையில் பேச்சு. காட்சியை எடுத்துவிடச் சொன்னார்கள். இரண்டு நாள் தூக்கமில்லை. கடைசியில், காட்சி இருக்கட்டும், 'ஒப்பாரி' என்ற பெயர் மட்டும் அழைப்பிதழில் வேண்டாம் என்று முடிவானது.

ஒத்திகையின் கடைசி நாள், முதலில் தோளில் கை போட்ட பிள்ளையைக் கூட்டிப்போக அவள் ஆச்சி வந்திருந்தார். ஊரில் எழவு விழுந்தால் முதலில் கூப்பிடுவது அவரைத்தான். வாசல்படியில் நின்றபடியே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பேத்திக்கும் அடுத்த பிள்ளைக்கும் நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். "கை கழுத்துல கெடக்கக் கூடாது தாயி. தோள்ல கெடக்கணும். அப்பத்தான் அவ ஆடுறது ஒனக்குத் தெரியும்" என்று பேத்தியின் கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார்.