ஓராண்டு இங்கிலாந்தா, ஈராண்டு பேராதனையா?

கேள்வி: நான் பொகவந்தலாவையைச் சேர்ந்தவள். பேராதனையில் விஞ்ஞானமாணிப் பட்டம் பெற்று, இப்போது ஹட்டனில் ஒரு தனியார் வகுப்பில் உயிரியல் கற்பிக்கிறேன். மண்ணியல் முதுமாணிப் படிப்புக்கு இங்கிலாந்தில் கட்டணக் கழிவுடன் ஓராண்டு இடமும், பேராதனையில் வார இறுதி வகுப்புகளாக ஆய்வுடன் கூடிய ஈராண்டு இடமும் கிடைத்துள்ளன. கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற அம்மா தமது சேமலாப நிதியைத் தருவதாகச் சொல்கிறார். மீதிக்குக் கடன் வாங்க வேண்டும். இங்கிலாந்து இடத்துக்கு மாத இறுதிக்குள் முற்பணம் கட்டச் சொல்கிறார் முகவர். இலங்கையிலேயே விரிவுரையாளராக வேண்டும் என்பது என் விருப்பம். எதைத் தெரிவு செய்வது?

பதில்: அன்புத் தங்கைக்கு,

உங்கள் விருப்பத்தைக் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். நான் அதிலிருந்தே தொடங்குகிறேன். நம் அரச பல்கலைக்கழகங்களில் தகுதிகாண் விரிவுரையாளராகச் சேர்பவர் அப்பதவியில் நிலைபெற்று மேலே செல்ல, ஆய்வேட்டை உள்ளடக்கிய, குறைந்தது இரண்டு கல்வியாண்டுகள் கொண்ட முதுமாணிப் பட்டம் கேட்கப்படுகிறது. பட்டங்களை மட்டங்களாக வகுக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் 30 கிரெடிட் கொண்ட பாடநெறி முதுமாணி 9ஆம் மட்டம். ஆய்வுடன் கூடிய 60 கிரெடிட் முதுமாணி 10ஆம் மட்டம். இங்கே ஒரு கிரெடிட் என்பது 50 மணி நேரக் கற்றல். பிரித்தானியாவில் அது 10 மணி நேரம் மட்டுமே. அங்குள்ள 180 கிரெடிட் முதுமாணியை நம் அளவில் கணக்கிட்டால் 36 கிரெடிட்தான் வருகிறது. அந்தப் படிப்பு தரம் குறைந்தது என்று நான் சொல்லவில்லை. பன்னிரண்டு மாதமும் விடாமல் படிப்பவர்கள் அவர்கள். ஆனால் நீங்கள் போய்ச் சேர விரும்பும் நேர்முகத் தேர்வு அறையில், அந்த ஓராண்டுக்கு நீங்கள் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க நேரிடலாம்.

அடுத்தது பணம். 2022இல் ஒரு டொலர் இருநூறு ரூபாயிலிருந்து சில வாரங்களில் முந்நூற்று அறுபதைத் தொட்டதை நாம் எல்லோரும் பார்த்தோம். உழைப்பது ரூபாயிலும் செலவழிப்பது பவுணிலும் என்றால், அப்படியொரு ஆண்டு மறுபடி வரும்போது கடன் உங்கள் கையில் நிற்காது. விசாவுக்காகப் பணத்தை 28 நாட்கள் தொடர்ந்து கணக்கில் காட்ட வேண்டும் என்பதால், பல குடும்பங்கள் அதற்கென்றே வட்டிக்கு வாங்குகின்றன. படிப்பு முடிந்து அங்கேயே வேலை செய்து அடைத்துவிடலாம் என்று முகவர் சொல்லியிருப்பார். 2027 ஜனவரி முதல் விண்ணப்பிக்கும் முதுமாணி பட்டதாரிகளுக்கு, படிப்புக்குப் பின் அங்கு தங்கி வேலை செய்யும் அனுமதி இரண்டு ஆண்டிலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. உங்கள் முறை வரும்போது அதுவே பொருந்தும். முகவர்களுக்குப் பொதுவாகப் பல்கலைக்கழகமே தரகுப்பணம் கொடுக்கிறது என்பதையும் அந்த அவசரத்தோடு சேர்த்துப் பாருங்கள்.

ஆகவே பேராதனையில் சேருங்கள் என்பதே என் கருத்து. அது இலகுவானதன்று. ஐந்து நாள் கற்பித்துவிட்டு, சனிக்கிழமை விடியுமுன் பஸ் ஏறி, ஹட்டன் வழியாக இறங்கிப் போய்வருவது உடம்பை வருத்தும். இரண்டாம் ஆண்டின் ஆய்வு, மேற்பார்வையாளர் பொறுப்பானவராக இல்லாவிட்டால் மூன்றாம் ஆண்டுக்கும் இழுபடும். எனவே பதிவதற்கு முன் அவரை நேரில் சந்தித்து, அவரிடம் முன்பு படித்தவர்கள் எத்தனை மாதத்தில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார்கள் என்று கேளுங்கள். தேயிலை மண்ணின் அமிலத்தன்மை போன்ற ஒரு தலைப்பை எடுத்தால், 1925இல் தொடங்கப்பட்டு இப்போது தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் உங்கள் வீட்டிலிருந்து தொலைவில் இல்லை. சிறுவயது முதல் நீங்கள் மிதித்து நடந்த மண்ணை ஆராய இங்கிலாந்துக்குப் போவது எனக்குச் சற்று வேடிக்கையாகவும் படுகிறது.

வெளிநாட்டை விட்டுவிடச் சொல்லவில்லை. இவ்வாண்டு இடத்தை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்க முடியுமா, கட்டணக் கழிவும் தொடருமா என்று முகவரைத் தவிர்த்து நேரடியாகப் பல்கலைக்கழகத்துக்கே எழுதுங்கள். சம்மதித்தால், வசதி குறைந்த மாணவர்களுக்கான பொதுநலவாயப் பகிர்வுப் புலமைப்பரிசிலுக்கு இடையில் விண்ணப்பிக்கலாம். அதுவும் கிடைக்காவிட்டால், ஆய்வேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, உதவித்தொகையுடன் கூடிய கலாநிதிப் படிப்புக்கு வெளியே போகலாம். அப்போது செலவு அவர்களுடையது.

அம்மாவின் சேமலாப நிதியை அவர் பெயரிலேயே நிலையான வைப்பில் இடச் சொல்லுங்கள். மாத இறுதிக்கு முன் முகவர் மறுபடி அழைத்தால், பல்கலைக்கழகத்தின் பதில் மின்னஞ்சலுக்குக் காத்திருப்பதாக மட்டும் சொல்லுங்கள்.