குற்றவியல் படிப்புக்கு ஓய்வுக்கால நிதியை எடுக்கலாமா?

கேள்வி: என் மகளுக்குச் சமூகவியலும் குற்றவியலும் சேர்ந்த மூன்றாண்டு இளநிலைப் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. கட்டணத்தில் பாதிக்குத்தான் சேமிப்பு இருக்கிறது. மீதியைக் கல்விக் கடனாக வாங்குவதா, என் ஓய்வுக்கால நிதியிலிருந்து எடுப்பதா? இந்தப் படிப்புக்குக் கடன் வாங்குவதே வீண் என்கிறார்கள் உறவினர்கள்.

பதில்: ஓய்வுக்கால நிதியைத் தொட வேண்டாம். அதை மறுபடி சேர்க்க உங்களுக்கு ஆண்டுகள் குறைவு. கடனை அடைக்க மகளுக்கு நீண்ட பணிக்காலம் இருக்கிறது.

படிப்பு வீண் என்பதை நான் ஏற்கவில்லை. சிறைத்துறை, நன்னடத்தை அலுவலர் பணி, பாதிக்கப்பட்டோருக்கான உதவி அமைப்புகள், வங்கிகளின் மோசடித் தடுப்புப் பிரிவு என வேலைகள் உண்டு. ஆனால் தொடக்கச் சம்பளம் பெரும்பாலும் சுமாராகவே இருக்கும். ஆய்வுப் பணிகளுக்கு முதுநிலைப் பட்டமும் கேட்பார்கள். அதனால் கணக்கை மூன்றாண்டுக்கு அல்ல, ஐந்தாண்டுக்குப் போடுங்கள்.

ஆண்டுக்கு 10 சதவீதக் கூட்டுவட்டியில் வாங்கிய 100 ரூபாய், எதுவும் கட்டாமல் விட்டால் மூன்றாண்டில் 133 ரூபாய் ஆகும். முதுநிலையும் சேர்ந்து ஐந்தாண்டானால் 161 ரூபாய். எனவே முதல் பாதிக் கட்டணத்தைச் சேமிப்பிலிருந்து கட்டுங்கள். பிற்பாதிக்கு மட்டும் கடனைத் தவணை தவணையாக எடுங்கள். எடுத்த தொகைக்குத்தான் வட்டி ஓடும். அந்த வட்டியை மாதாமாதம் உங்கள் வருமானத்திலிருந்து கட்டிவந்தால், பட்டம் வாங்கும் நாளில் அசல் மட்டுமே மிஞ்சும். முதுநிலைக்கு உடனே கடன் வாங்காமல், ஓராண்டாவது வேலை பார்த்துவிட்டு மகளே முடிவு செய்யட்டும்.

மகளிடம் ஒன்று கேளுங்கள்: ஆய்வுக்கூடத்தில் தடயங்களைப் பரிசோதிக்கும் ஆசையில் இதைத் தேர்ந்தெடுத்தாளா? அது தடய அறிவியல். வேதியியல், உயிரியல் வழியாகப் போக வேண்டிய வேறு படிப்பு. இந்தக் குழப்பத்தால் ஓராண்டுக் கட்டணத்தை இழந்து துறை மாறும் மாணவர்களை நினைத்தால் மனம் வருந்துகிறது.

விருப்பப் பாடம் எடுக்கும்போது புள்ளியியலை அவள் விட்டுவிடக் கூடாது. வயதுக்கும் குற்றத்துக்கும் உள்ள தொடர்பை 1831-லேயே எண்களால் காட்டிய கெட்லே ஒரு கணித அறிஞர்; இத்துறை எண்களோடு பிறந்தது. தரவைக் கையாளத் தெரிந்தவருக்குக் குற்றத்துறைக்கு வெளியிலும் வேலை கிடைக்கும், கடனும் விரைவில் அடையும்.

கையெழுத்திடும் முன் வங்கியில் மூன்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: படிப்புக் காலத்து வட்டி அசலோடு சேருமா, முதுநிலைக்குப் போனால் தவணை தள்ளிப்போகுமா, முன்கூட்டியே அடைத்தால் கட்டணம் உண்டா.