தூண்டில் புழு சாகாமல் இருக்க: கேள்வி பதில்

ஏரி, ஆற்றுத் தூண்டிலுக்கு மண்புழு வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில்கள்.

ஈரோடு: அண்ணா, உரக்கூடத்தில் கால் கிலோ புழு வாங்கி, 20 லிட்டர் பெயிண்ட் வாளியில் தோட்டத்து மண் நிரப்பி விட்டேன். மூன்றாம் நாளே பாதி செத்து நாறுகிறது. எங்கே தப்பு?

முதல் தப்பு மண். உரக்கூடங்களில் பெரும்பாலும் கிடைப்பது யூட்ரிலஸ் என்கிற ஆப்பிரிக்க இனம். மக்கும் சாணத்திலும் இலையிலும் மேலாக வாழ்வது அது. வெறும் மண்ணில் அதற்குத் தீனி கிடையாது. மண் நனைந்தால் இறுகிக் காற்றும் அடைபடும். புழுவுக்கு நுரையீரல் இல்லை, ஈரத் தோல்தான் மூச்சு. அடுத்தது நெரிசல். அந்த வாளிக்கு 100 புழு, அதாவது சுமார் 150 கிராம், தாராளம்.

உயிரோடு இருப்பதை உடனே பிரித்தெடுங்கள். செத்தது அழுகினால் பக்கத்தில் உள்ளதும் போகும். வாளியைக் கழுவி வெயிலில் காயவைத்து, அடியில் 3 மி.மீ. துளை பத்து, விளிம்புக்குக் கீழே சுற்றிப் பத்து போடுங்கள். தென்னைநார்க் கழிவு இரண்டு பங்கு, 20 நாள் ஆறிய மாட்டுச்சாணம் ஒரு பங்கு கலந்து 20 செ.மீ. உயரம் நிரப்பினால் போதும். நார்க்கழிவில் உப்பு இருக்கும். மூன்று முறை ஊறவைத்துப் பிழியாமல் போடக்கூடாது. பச்சைச் சாணம் வேண்டவே வேண்டாம், சூடேறி அமோனியா கிளம்பும்.

ஈரத்துக்குக் கைதான் அளவு. ஒரு பிடி எடுத்து இறுக்கினால் ஒன்றிரண்டு சொட்டு வரவேண்டும். ஒழுகினால் தண்ணீர் அதிகம், உதிர்ந்தால் குறைவு. எல்லாப் புழுவையும் விடுவதற்கு முன் ஐந்தை மட்டும் மேலே விட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்தில் உள்ளே இறங்கினால் படுக்கை, அதாவது இந்த நார்-சாணக் கலவை, சரி. விளிம்புக்கே ஏறினால் ஏதோ கெட்டிருக்கிறது, இன்னும் ஒரு வாரம் ஆறவிடுங்கள்.

சேலம்: வெளிநாட்டு வீடியோக்களில் ஃபிரிட்ஜில் வைக்கிறார்கள். நாமும் வைக்கலாமா?

கூடாது. அவர்கள் வைப்பது குளிர்நாட்டுப் புழு. யூட்ரிலஸ் வெப்பநாட்டுப் பிறவி. ஃபிரிட்ஜ் குளிரில் செத்துவிடும். 24 முதல் 30 டிகிரி அதற்கு உகந்தது. கோடையில் வாளியை ஈரச்சாக்கால் சுற்றி, காற்றோடும் நிழலில் வையுங்கள்.

வேலூர்: ராத்திரியில் வாளியை விட்டு வெளியேறிவிடுகின்றன. மூடியை இறுக்கவா?

இறுக்கினால் மூச்சடைக்கும். மெல்லிய பருத்தித் துணியை மேலே கட்டி, முதல் இரண்டு மூன்று இரவு பக்கத்தில் ஒரு விளக்கு எரியவிடுங்கள். வெளிச்சத்துக்கு அஞ்சி உள்ளேயே இருக்கும். அதற்குப் பிறகும் ஓடினால் படுக்கையை முகர்ந்து பாருங்கள். புளித்த வாடையோ அமோனியா நெடியோ இருந்தால் மாற்றியே ஆகவேண்டும்.

திருநெல்வேலி: ஐயா, சோறும் பருப்பும் போட்டேன். உடம்பு மணிமணியாக வீங்கிச் சாகின்றன. நோயா?

நோயில்லை, தீனிக் கோளாறு. பருப்பு போன்ற புரதத் தீனி மிஞ்சிப் புளித்தால், புழுவின் குடலிலும் வாயு கட்டி உடம்பு இப்படி முடிச்சு விழும். வீங்கியவை பிழைப்பது அரிது. மற்றவற்றைப் புதுப் படுக்கைக்கு மாற்றி, பொடித்த முட்டை ஓடு ஒரு தேக்கரண்டி தூவுங்கள். இனி ஆறிய சாணம், வாழைப்பழத் தோல் மட்டும். வாரம் இருமுறை இரண்டு கைப்பிடி, முன்பு போட்டது தீர்ந்த பிறகே. உப்பு, எண்ணெய், எலுமிச்சைத் தோல் ஆகாது.

தஞ்சாவூர்: எறும்பு?

செங்கல் மேல் வாளியை வைத்து, செங்கல்லைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்துங்கள். படுக்கை காய்ந்தால்தான் எறும்பு குடியேறும் என்பதால் ஈரத்தையும் பாருங்கள். பூச்சிமருந்துச் சாக்பீஸ் அருகில்கூட வரக்கூடாது.

திருச்சி: காவிரியில் கெளுத்திக்குப் போடுகிறேன். முள்ளில் கோத்ததும் புழு பிய்ந்துபோகிறது.

வயிறு நிறைய சாணத்தோடு இருக்கும் புழு அப்படித்தான், தோல் தளர்ந்திருக்கும். போவதற்கு இரண்டு நாள் முன்பே வேண்டியதை எடுத்து, அலசிப் பிழிந்த தென்னைநாரில் தீனி போடாமல் வையுங்கள். குடல் காலியாகித் தோல் இறுகும், முள்ளில் நின்று துடிக்கும். இரண்டு மூன்று நாளுக்கு மேல் பட்டினி போட்டால் மெலிந்துவிடும்.

எடுத்துப்போக பாலிதீன் பை வேண்டாம், வெயிலில் ஒரு மணி நேரத்தில் வெந்துவிடும். துணிப்பையில் ஈரநாரோடு போட்டு, நிழலில் வைத்து, அவ்வப்போது தண்ணீர் தெளியுங்கள். குளோரின் வாடை அடிக்கும் குழாய்த் தண்ணீரைத் திறந்த பாத்திரத்தில் ஒரு நாள் வைத்திருந்து தெளிப்பது நல்லது.

திருச்சி (அவரே): மிச்சத்தைத் திரும்ப வாளியில் விடலாமா?

முள் குத்தியதை விடவேண்டாம். காயமில்லாதவற்றைத் தனி டப்பாவில் ஒரு நாள் வைத்து, நன்றாக நெளிந்தால் சேருங்கள்.

பழவேற்காடு: முகத்துவாரச் சேற்றில் தோண்டும் கடல்புழுவையும் இதே வாளியில் போடலாமா?

கூடவே கூடாது. அதற்குக் கடல்நீர்தான் உயிர், நல்ல தண்ணீர் கொன்றுவிடும், மண்புழுவுக்கு நேர்மாறு. கடல்நீரில் நனைத்துப் பிழிந்த செய்தித்தாளில் அடுக்கி, தெர்மாகோல் பெட்டியில் நிழலில் வைத்து, அறுபட்டவற்றை அவ்வப்போது பொறுக்கி எடுத்துவிடுங்கள். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் தோண்டுவது மேல்.