குதிரைக்குச் சினை ஊசி போடுவது கொடுமை இல்லையா?

பந்தயக் குதிரைகளுக்குச் செயற்கைக் கருவூட்டல் கூடாது என்று விதியே இருக்கிறது, தடை தாண்டும் குதிரைகளுக்கு மட்டும் ஏன் செய்கிறார்கள், கொடுமை இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ வீடியோ பார்த்துவிட்டு மனசு கேட்காமல் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் வட ஜெர்மனியில் ஹனோவேரியன் என்ற தடை தாண்டும் குதிரை இனத்தை வளர்க்கும் பண்ணையில் வேலை பார்க்கிறேன். டாக்டர் இல்லை, லாயத்து ஆள். கால்நடை மருத்துவர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

'கொடுமை' என்றதுதான் சுருக்கென்றது. நேரடியாகச் சேர்ப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? பெட்டை ஓர் உதை விட்டால் பொலிகுதிரையின் கால் போய்விடும். அதனால் பெட்டையின் மேலுதட்டைக் கயிற்றால் முறுக்கிப் பிடிப்பார்கள். பின்னங்கால்களைக் கட்டுவதும் உண்டு. நோயும் ஒட்டும். 1977 இல் இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் பெட்டைகளின் கருப்பையைத் தாக்கிய தொற்று அப்படிப் பரவியதுதான். ஆனாலும் பந்தயக் குதிரைக்கு இன்றுவரை நேரடிச் சேர்க்கைதான், இல்லையென்றால் குட்டிக்குப் பதிவே கிடையாது. ஆஸ்திரேலியாவில் ஒருவர் இதை எதிர்த்து வழக்குப் போட்டு 2012 இல் தோற்றுப் போனார். கேட்டால் பாரம்பரியம் என்பார்கள். எனக்கு வியாபாரமாகத்தான் படுகிறது.

எங்கள் பக்கம் பொலிகுதிரை ஏறுவது மெத்தை சுற்றிய பொம்மை மேல். எடுத்த விந்தைப் பல பெட்டைகளுக்குப் பங்கு போட்டு, 5 டிகிரி குளிர்ப்பெட்டியில் அனுப்பிவிடலாம். குதிரை போட்டியை விட்டு வர வேண்டியதில்லை. உறைவிந்தாக மைனஸ் 196 டிகிரியில் வைத்தால், குதிரை செத்த பிறகும் குட்டி பிறக்கும்.

ராத்தூக்கம் போவது பெட்டை பக்கத்து ஆட்களுக்குத்தான். உறைவிந்து உருகியபின் அதிக நேரம் தாங்காது, கருமுட்டை வெளிவரும் நேரத்தை ஒட்டிப் போட்டாக வேண்டும். கருமுட்டை வளரும் நீர்க்கொப்புளம் 35 மில்லிமீட்டரைத் தாண்டியதும் ஹார்மோன் ஊசி. அதிலிருந்து சுமார் 36 மணி நேரத்தில் முட்டை வெளிவரும் என்று கணக்கு. கடைசியில் சில மணிக்கொரு தரம் ஸ்கேன். போன வசந்தத்தில் ஒரு செவலைப் பெட்டைக்கு அப்படித்தான், நடுராத்திரி. உறைவிந்துக் குழாயை 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் வைத்து, எடுத்ததும் ஈரம் போகத் துடைத்து நீட்டினேன். ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்தாலும் விந்து வீண். டாக்டர் நீளக் குழலைக் கருப்பையின் கொம்பு போன்ற கிளையின் நுனிவரை செலுத்தினார். அவள் பாட்டுக்கு வைக்கோலை மென்றுகொண்டிருந்தாள். பதினைந்தாம் நாள் ஸ்கேனில் கறுப்பு வட்டம் ஒன்று, அதுதான் கரு. இரண்டு தெரிந்தால்தான் பயம், குதிரைக்கு இரட்டை ஆகாது.

அப்புறம், கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு வந்தால் கல்யாண வீட்டில் எல்லோர் முன்னாலும் சித்தப்பா, "ஏண்டா, ஜெர்மனி போய்ச் சினை ஊசியா போடுற?" என்பார். கூட்டம் சிரிக்கும். சாப்பிட்டு முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு, பெங்களூரு ரேஸில் எந்தக் குதிரை மேல் கட்டலாம் என்று கேட்பார். நான் பார்ப்பது ரேஸ் குதிரையே இல்லை என்று எத்தனை தடவைதான் சொல்வது? அவர் தொழுவத்தில் நிற்கிற கறவை மாடுகள் எல்லாம் சினை ஊசியில் பிறந்தவை.