முதலில் டிரம் மெஷினா, சிந்தசைசரா? சுங்கை சிப்புட் நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் தாமான்களிலிருந்தும் மின்னிசையில் ஆர்வமுள்ள சிலர் மாதம் ஒருமுறை கோயில் மண்டபத்தில் கூடுகிறோம். சென்ற கூட்டத்தில் நேரம் போதாததால் பலர் தங்கள் கேள்விகளைத் தாளில் எழுதிக் கொடுத்துச் சென்றார்கள். கல்யாண மேடைகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கீபோர்டு வாசித்தவன், கெட்டுப்போன கருவிகளைத் திறந்து பார்க்கும் பழக்கமுள்ளவன் என்ற முறையில் அவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அண்ணா, தொழிற்சாலையில் வேலை செய்து 1,500 வெள்ளி சேர்த்திருக்கிறேன். வீட்டில் யமஹா கீபோர்டு ஒன்று உள்ளது. முதலில் சிந்தசைசர் வாங்குவதா, டிரம் மெஷின் வாங்குவதா?

தம்பி, உங்கள் நிலையில் நான் டிரம் மெஷினைத்தான் முதலில் வாங்குவேன். சிந்தசைசர் என்பது ஒலியை அடியிலிருந்து உருவாக்கும் கருவி. ஆசிலேட்டர் ஓர் அலையைத் தருகிறது. ஃபில்டர் அதில் வேண்டாத பகுதியைக் குறைக்கிறது. ஒலி எவ்வளவு வேகமாக எழுந்து எவ்வளவு நேரத்தில் அடங்க வேண்டும் என்பதை என்வலப் தீர்மானிக்கிறது. பல டிரம் மெஷின்களுக்குள்ளும் இதே பொருள்கள்தாம் இருக்கின்றன; ஆனால் அவற்றை கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), ஸ்நேர் (படபடக்கும் சிறு டிரம்), ஹை-ஹேட் (இரட்டைத் தட்டு) என்று தனித்தனியாகக் கட்டி முடித்து, வரிசைப்படுத்த ஒரு சீக்வென்சரையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள்.

உங்கள் வீட்டுக் கீபோர்டில் பியானோ, வயலின், புல்லாங்குழல் என்று மெட்டுக்குத் தேவையான ஒலிகள் எப்படியும் இருக்கும். அதில் இல்லாதது நீங்களே கட்டிய தாளம். கீபோர்டில் வரும் தானியங்கித் தாளம் வேறொருவர் முன்பே யோசித்து வைத்தது. அதன் மேல் எதை வாசித்தாலும் கல்யாண மண்டப வாசனை போகாது. (நான் அதை வைத்தே பிழைத்தவன், ஆகவே சொல்ல உரிமை உண்டு.) பதினாறு பொத்தான்களுக்கு முன்னால் உட்கார்ந்து, கிக் எங்கே விழ வேண்டும், எங்கே விழக்கூடாது என்று முடிவு செய்யத் தொடங்கும்போதுதான் பாட்டைக் கட்டும் வேலை புரியத் தொடங்கும்.

ஆனால் ஒரு பாட்டைக் கேட்கும்போது உங்கள் விரல் மேசையைத் தட்டாமல், "இந்த ஒலியை எப்படிச் செய்தார்கள்?" என்ற எண்ணமே முதலில் வருகிறது என்றால், என் பேச்சைக் கேட்காமல் சிந்தசைசர் வாங்குங்கள். அப்படிப்பட்டவர் டிரம் மெஷினை ஒரு மாதத்தில் மூலையில் வைத்துவிடுவார். சிந்தசைசரில் பொறுமையிருந்தால் தாள ஒலியையும் செய்துகொள்ளலாம்: மேல் சுருதியில் தொடங்கிக் கண நேரத்தில் கீழே சரியும் சைன் அலை ஒரு கிக், இரைச்சலோடு சிறிது சுருதி கலந்தால் ஸ்நேர். டிரம் மெஷினைக் கொண்டு மெட்டுக் கட்டுவது அவ்வளவு எளிதன்று.

இரண்டும் வேண்டும் என்பவர்களுக்கு நொவேஷன் நிறுவனத்தின் சர்க்யூட் டிராக்ஸ் போன்ற ஒரே பெட்டி உண்டு. அதில் இரண்டு சிந்தசைசர் தடங்களும் நான்கு டிரம் தடங்களும் இருக்கின்றன (தடம் என்பது ஓர் ஒலிக்கான தனி வரிசை). உள்ளேயே பேட்டரியும் உள்ளது. நல்ல கருவிதான். ஆயினும் ஒலியை ஆழமாகச் செதுக்கக் கணினியில் உள்ள மென்பொருளைத் திறக்க வேண்டியிருப்பதால், கையால் திருகிக் கற்க விரும்புகிறவருக்கு அது அரைச் சுவைதான்.

இன்னொன்று, 1,500 வெள்ளியையும் பெட்டியிலேயே போட்டுவிடாதீர்கள். கம்பியுள்ள நல்ல ஹெட்ஃபோன், இரண்டு கேபிள், சரியான அடாப்டர் ஆகியவற்றுக்கு முதலில் ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் கருவியைத் தேடுங்கள். கைப்பேசி ஒலிபெருக்கியில் கிக்கின் அடி ஒலி கேட்கவே கேட்காது. கேட்காததை யாரும் சரிசெய்ய முடியாது.

கேள்வி: எங்கள் உறுமி மேளக் குழுவில் மின்னிசையும் சேர்க்க நினைக்கிறோம். டிரம் மெஷின் நம் நடைகளை வாசிக்குமா? எல்லாம் நான்கு நான்காகத்தானே போகிறது?

வாசிக்கும், நீங்கள் சொல்லிக் கொடுத்தால். டிரம் மெஷினின் முகத்தில் பதினாறு பொத்தான்கள் இருப்பதால் அது நான்குக்கு மட்டுமே பிறந்தது என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். பொத்தான் ஒன்றுக்கு ஒரு கட்டம், பதினாறு என்பது வழக்கமான அளவு. அதற்குக் குறைவாக நிறுத்திக்கொள்ள முடியும். ஊர்வலத்தில் நாம் கேட்கும், மூன்று மூன்றாக உருளும் திஸ்ர நடைக்குப் பன்னிரண்டு கட்டங்களோடு நிறுத்துங்கள்: நான்கு அடி, ஒவ்வோர் அடிக்கும் மூன்று கட்டம். மிஸ்ர சாப்புக்கு ஓர் எண்ணிக்கைக்கு இரண்டு கட்டம் வீதம் பதினான்கு. கண்ட சாப்புக்கு அவ்வாறே பத்து. விலை குறைந்த கோர்க் வோல்கா பீட்ஸிலும் வேண்டாத கட்டங்களை அணைத்துவிட்டால் சுற்று அவற்றைத் தாண்டி ஓடும்.

வாங்குமுன் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று: ஒவ்வொரு தடத்துக்கும் தனித்தனி நீளம் வைக்க முடியுமா? ஆர்ட்டூரியா டிரம்புரூட்டிலும் எலெக்ட்ரான் டிஜிட்டாக்டிலும் முடியும். கிக் பதினாறில் சுற்ற, மணி ஒலி பன்னிரண்டில் சுற்ற, இரண்டும் பிரிந்து போய் மீண்டும் ஒரே இடத்தில் வந்து சேரும்போது மேளக்காரர்களுக்குத் தாமாகவே முகம் மலரும். கணக்கு நமக்குப் புதிதன்று, பெட்டிக்குத்தான் புதிது.

ஆனால் கட்டத்துக்குள் அடங்காத ஒன்று உண்டு. வளைந்த குச்சியால் தோலை உரசும்போது எழும் உறுமியின் இழுவை எந்தப் பொத்தானிலும் இல்லை. அதை நீங்களே ஒலிப்பதிவு செய்து, பதிந்த ஒலியை (சாம்பிளை) வாசிக்கும் சாம்பிளர் பெட்டியில் ஏற்றுங்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: சாம்பிளை வாசிக்கும் பெட்டிகள் எல்லாம் சாம்பிளைப் பதிவு செய்யும் பெட்டிகள் அல்ல. டிஜிட்டாக்டிலும் ரோலண்ட் எஸ்பி-404-இலும் ஒலி உள்ளே நுழைய வழி உண்டு. எலெக்ட்ரான் மாடல்:சாம்பிள்ஸில் அந்த வழி கிடையாது, கணினியிலிருந்துதான் ஏற்ற வேண்டும்.

மேடையில் உண்மையான உறுமி இருக்கும்போது பெட்டியிலிருந்தும் உறுமி ஒலிக்க வேண்டாம் என்பது என் கருத்து. பெட்டி அடி கிக்கையும் கிளாப் என்ற கைதட்டல் ஒலியையும் பார்த்துக்கொள்ளட்டும்.

கேள்வி: ஐயா, எல்லோரும் 808, 808 என்கிறார்கள். பழைய அசலையே தேடி வாங்க வேண்டுமா?

வேண்டாம். ரோலண்ட் டிஆர்-808 என்ற டிரம் மெஷின் 1980-இல் வந்து 1983-இல் நின்றுபோனது. ஏறத்தாழ 12,000 பெட்டிகள்தாம் செய்யப்பட்டன. அதே 1980-இல் வந்த லின் எல்எம்-1 டிரம் மெஷின் உண்மையான டிரம் ஒலிகளைச் சிப்பில் பதிந்து வைத்திருந்தது. விலை ஏறத்தாழ 5,000 அமெரிக்க டாலர். 808-இன் விலையோ 1,195 டாலர். நினைவகச் சிப்புகள் விலை உயர்ந்திருந்த காலத்தில் ரோலண்ட் ஒவ்வோர் ஒலியையும் அனலாக் சுற்றுகளாலேயே, அதாவது பதிந்த ஒலி இல்லாமல் மின்சுற்றுகளைக் கொண்டே செய்தது. அதன் ஹை-ஹேட் ஆறு சதுர அலைகளின் கலவை. கவ்பெல் என்ற மாட்டு மணி ஒலி இரண்டு சதுர அலைகள். உண்மையான டிரம் போல இல்லை என்று அன்று ஒதுக்கினார்கள். பிறகு பழைய கருவிக் கடைகளில் மலிவாகக் கிடைத்த அதே பெட்டியை ஹிப்-ஹாப்பும் டெக்னோவும் செய்த இளைஞர்கள் எடுத்துக்கொண்டார்கள். நீண்டு அடங்கும் அந்த கிக்கை இன்று தமிழ்த் திரைப்பாட்டிலும் கேட்கிறோம்.

இதில் நம்மவர் கதையும் ஒன்று உண்டு. மும்பைத் திரையிசையில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982-இல் இதே 808-ஐயும் டிபி-303 என்ற பேஸ் (அடிச் சுரம்) பெட்டியையும் ஜூப்பிட்டர்-8 சிந்தசைசரையும் இணைத்து ராகங்களை வாசித்துப் பதிவு செய்தார். 303-இல் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் வசதி இருந்ததால் ராகம் அதில் ஓரளவு உட்கார்ந்தது. அமெரிக்காவில் அந்தப் பெட்டியைக் கொண்டு ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பே நடந்த செய்தி இது. வெளிவந்தபோது யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 2010-இல் மறுவெளியீடு வந்த பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது.

இன்று அந்த ஒலி வேண்டுமானால் ரோலண்டின் டிஆர்-08, டிஆர்-6எஸ், டிஆர்-8எஸ் ஆகியவை டிஜிட்டல் வழியில் தருகின்றன. பெஹ்ரிங்கர் ஆர்டி-8 அனலாக் வழியில் தருகிறது. கோயில் ஒலிபெருக்கியில் இவற்றுக்கும் அசலுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லக்கூடியவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

கேள்வி: என் மகன் படிவம் நான்கில் படிக்கிறான். டிரம் மெஷின் வேண்டும் என்கிறான். கைப்பேசிச் செயலியிலேயே எல்லாம் இருக்கிறதே, ஐயா?

இருக்கிறது, அம்மா. முதலில் அதிலேயே செய்யச் சொல்லுங்கள். மூன்று மாதத்தில் தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு பாட்டையாவது அவன் முடித்துக் காட்டினால் பெட்டி வாங்கித் தருவதில் தவறில்லை. பெட்டியின் பெருமை ஒலியில் இல்லை. ஒரு திருகைத் திருப்பினால் ஒரு வேலை நடக்கிறது, நடுவில் எந்தச் செய்தியும் வந்து அழைப்பதில்லை, அவ்வளவுதான். ஒன்றே ஒன்று: புளூடூத் ஹெட்ஃபோனை வைத்துத் தட்டிப் பழக வேண்டாம். தட்டியதற்கும் கேட்பதற்கும் இடையே தாமதம் இருப்பதால், நல்ல கை உள்ள பிள்ளையும் தனக்குத் தாளமே வராது என்று நம்பிவிடுவான்.

கேள்வி: சிந்தசைசரில் கமகம் வருமா?

சுரத்தை வளைக்கும் சக்கரமோ நெம்புகோலோ உள்ள கருவியில் வரும். 1970-இல் வந்த மினிமூக் சிந்தசைசரிலேயே கீபோர்டின் இடப்பக்கம் அந்தச் சக்கரம் இருந்தது. ஒரே நேரத்தில் ஒரு சுரம் மட்டும் ஒலிக்கும் கருவியைக் குறை என்று நினைக்காதீர்கள், நாதஸ்வரமும் அப்படித்தான். வளைவின் எல்லையைப் பெரும்பாலும் இரண்டு அரைச்சுரங்களாக வைத்தே தருகிறார்கள். அதை அப்படியே வைத்துக் கையைப் பழக்குங்கள், பெரிதாக்கினால் சுருதி தப்பும். பன்னிரண்டு சுரங்களுக்கு இடைப்பட்ட இடங்களும் வேண்டும் என்பவர்கள் 2017-இல் வந்த கோர்க் மோனோலாக்கைப் பாருங்கள். அதில் சுரங்களின் இடத்தை நாமே மாற்றியமைக்கலாம். கோர்க் வோல்கா கீஸ் சிந்தசைசரின் தொடுபட்டையில் மட்டும் கமகம் தேட வேண்டாம்.

அனலாக் சிந்தசைசரின் சுருதி வெப்பத்துக்கேற்ப நகரக்கூடியது. குளிர்சாதன அறையிலிருந்து எடுத்துப் பந்தலுக்குக் கீழே வைத்து உடனே வாசிக்காதீர்கள். கால் மணி நேரமாவது ஓடவிட்டு, பிறகு சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஜப்பானிலிருந்து பழைய கருவி மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வாங்கலாம், பின்பக்கம் எழுதியிருப்பதைப் படித்த பிறகு. ஜப்பான் மின்சாரம் 100 வோல்ட், நம்முடையது 230. மின்கம்பி நேரே உள்ளே போகும் கருவி என்றால் மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம் வேண்டும். இல்லையேல் முதல் நொடியே கடைசி நொடி. அடாப்டரில் ஓடும் சிறு பெட்டி என்றால் உள்ளூர் அடாப்டரே போதும். ஆனால் 9 வோல்ட் என்பது மட்டும் பொருந்தினால் போதாது. ரோலண்ட் அடாப்டர்களின் முனையில் நடுப்பகுதி மைனஸ். வோல்கா பெட்டிகளுக்கோ நடுப்பகுதி பிளஸ். திருவிழாவுக்கு முந்திய இரவு, இருட்டில் கைக்கு எட்டிய அடாப்டரைச் செருகி என்னுடைய தாளப்பெட்டி ஒன்றை நானே கொன்றிருக்கிறேன். அன்றிலிருந்து ஒவ்வோர் அடாப்டரிலும் கருவியின் பெயரை எழுதி ஒட்டி வைக்கிறேன்.

கேள்வி: ஒருவரிடம் டிரம் மெஷினும் இன்னொருவரிடம் சிந்தசைசரும் இருக்கின்றன. இரண்டையும் ஒரே வேகத்தில் ஓட்டுவது எப்படி?

மிடி என்பது மின்னிசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் முறை. டிரம் மெஷினின் மிடி அவுட்டிலிருந்து சிந்தசைசரின் மிடி இன்னுக்கு ஒரு கேபிள். டிரம் மெஷின் ஓர் அடிக்கு (குவார்ட்டர் நோட்) 24 துடிப்புகள் அனுப்பும்; சிந்தசைசரில் வெளிக் கடிகாரத்தைப் பின்பற்றும்படி அமைத்துவிட்டால் அதன் சீக்வென்சரும், அழுத்திய சுரங்களைத் தானே ஒவ்வொன்றாக வாசிக்கும் ஆர்ப்பெஜியேட்டரும் அதே வேகத்தில் ஓடும். தலைமை ஒன்றுக்கு மட்டும்தான். இரண்டும் தலைமை ஏற்றால் கூட்டம் நடக்காது.

சிக்கல் வரும் இடங்கள் மூன்று. சிறு பெட்டிகளில் ஐந்து முள் துளைக்குப் பதிலாக 3.5 மில்லிமீட்டர் துளை இருக்கும். அதற்குள் கம்பி இணைக்கும் முறை இரண்டு விதமாக இருந்தது. 2018-இல் ஏ வகையே தரம் என்று முடிவாகிவிட்டாலும் பி வகைப் பெட்டிகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. இரண்டாவது, 808-இலும் 303-இலும் உள்ள ஐந்து முள் துளை பார்வைக்கு மிடி போலவே இருக்கும். மிடி அன்று, அதற்கு முந்திய வேறு முறை. மூன்றாவது, யுஎஸ்பி துளை மட்டுமே உள்ள வீட்டுக் கீபோர்டுகள். இவற்றை டிரம் மெஷினின் யுஎஸ்பியோடு நேரே இணைத்தால் ஒன்றும் நடக்காது, ஏனெனில் இரண்டும் கணினிக்காகக் காத்திருப்பவை. நடுவில் கணினியின் இடத்தில் நிற்க ஒரு யுஎஸ்பி ஹோஸ்ட் பெட்டி வேண்டும். முதல் கேள்வி கேட்ட தம்பி தம் கீபோர்டின் பின்பக்கத்தை இன்றே பார்த்துக்கொள்வது நல்லது.

கேள்வி: மேடையில் ஆக்டபேட் (குச்சியால் அடித்து வாசிக்கும் மின்னணுப் பேட்) வாசிக்கிறேன். எனக்கு டிரம் மெஷின் தேவையா?

ஒலிக்காக மட்டும் என்றால் தேவைப்படலாம், தாளத்துக்காக என்றால் தேவையில்லை. உங்கள் பேடில் மிடி அவுட் இருந்தால் அதை டிரம் மெஷினின் மிடி இன்னில் இணைத்து, குச்சியாலேயே 808 ஒலியை வாசிக்கலாம். ஒவ்வொரு பேடின் நோட் எண்ணையும் பெட்டியில் உள்ள எண்ணோடு பொருத்திக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

கேள்வி: இடி மின்னல்?

பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. வாசிப்பை நிறுத்த மனமில்லை என்றால் வோல்கா பீட்ஸ் ஆறு ஏஏ பேட்டரியில் ஓடும்.