லண்டன் மிஷன் காகிதங்களில் பூட்டனைத் தேடுவது எப்படி?

கேள்வி: 1890-களில் என் பூட்டன் நெய்யூர் பக்கம் மிஷன் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தார். மிஷன் காகிதங்கள் எல்லாம் லண்டன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறதாம். கேட்லாக்கில் அவர் பெயரைப் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. நேரில் போனால்தான் கிடைக்குமா?
– மார்த்தாண்டம் வாசகர்

பதில்: நெய்யூர்ப் பக்கம் வேலை செய்த லண்டன் மிஷன் சங்கத்தின் ஆவணங்கள் 1973 முதல் லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோவாஸ் கல்லூரி நூலகத்தில் இருக்கின்றன. பெயர் போட்டு வரவில்லை என்பதால் அவர் அங்கே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்தக் கடிதங்களை யாரைப் பற்றியவை என்று பார்த்துப் பிரிக்கவில்லை. எந்தப் பகுதியிலிருந்து, எந்த வருஷம், யார் எழுதியது என்றுதான் அடுக்கியிருக்கிறார்கள். பெட்டி, அதற்குள் உறை, அதற்குள் சின்ன உறை என்று போகும். கேட்லாக் பெரும்பாலும் அந்த உறையோடு நின்றுவிடும், கடிதத்துக்குள் வரும் பெயர்களை அது சொல்லாது.

அதனால் பூட்டனை விட்டுவிட்டு, அவருக்கு மேலே இருந்த மிஷனெரியைத் தேடுங்கள். அந்தக் காலத்தில் நெய்யூரில் ஐ.எச். ஹேக்கர் இருந்தார். நெய்யூர் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அந்தத் திருவிதாங்கூர் மிஷனின் நூறு வருஷக் கதையை 1908-இல் புத்தகமாக எழுதியவரும் அவர்தான். முதலில் அதைப் படியுங்கள், யார் எந்த ஊரில் இருந்தார்கள் என்பது பிடிபடும். அப்புறம் திருவிதாங்கூர்க் கடித வரிசைக்குப் போங்கள். 1866-க்குப் பிறகு மிஷனெரிகளின் ஆண்டறிக்கைகள் தனி வரிசையாகவே இருக்கின்றன. உங்களுக்கு முக்கியம் அவைதான். எத்தனை பள்ளி, எத்தனை பிள்ளைகள், எந்தச் சபையில் என்ன நடந்தது என்பதெல்லாம் அதில் வரும்.

ஆனால் வாத்தியார்களைப் பல இடங்களில் 'நம் உள்ளூர் ஆசிரியர்' என்று ஒரே வார்த்தையில் கடந்துவிடுவார்கள். வெயிலிலும் மழையிலும் ஊர் ஊராக நடந்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தவருக்கு ஒரு பெயர்கூடப் போடவில்லையே என்று எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. பெயர் இருந்தாலும் அது நீங்கள் வீட்டில் கேட்ட பெயராக இருக்காது. இங்கிலாந்திலிருந்து சம்பளத்துக்குப் பணம் அனுப்பிய நன்கொடையாளரின் பெயரை வாத்தியாருக்கும் உபதேசியாருக்கும் சூட்டுகிற வழக்கம் அங்கே இருந்தது.  உங்கள் பூட்டனுக்கும் அப்படி ஓர் ஆங்கிலப் பெயர் இருந்ததா என்று குடும்பத்தில் மூத்தவர்களிடம் கேளுங்கள். ஊர்ப் பெயரிலும் கவனம் வேண்டும். பழைய காகிதங்களில் நெய்யூரை ஆங்கிலத்தில் ஒரே ஒரு 'ஒய்' போட்டுத்தான் எழுதுவார்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று. ஞானஸ்நானப் பதிவேடும் திருமணப் பதிவேடும் லண்டனில் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அங்கே போனவை மிஷனெரிகள் தலைமையகத்துக்கு எழுதியவை. பதிவேடுகளை அந்தந்தச் சபையில்தான் தேட வேண்டும். இன்றைய சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கன்னியாகுமரி பேராயத்தில் உங்கள் பழைய சபை எது என்று கண்டுபிடித்து அந்தச் சபையின் ஆயரிடம் பேசுங்கள். லண்டனுக்கு எழுதும் முன்பே இதைச் செய்துவிடுங்கள், ஏனென்றால் பூட்டனின் சரியான பெயரும் வருஷமும் சபைப் பதிவேட்டில்தான் கிடைக்கும்.

நேரில் போவது கடைசியில்தான். முதலில் சோவாஸ் ஆவணப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். குடும்பக் கதை முழுவதும் வேண்டாம். ஊர், மிஷனெரி பெயர், கேட்லாக் எண், வேண்டிய வருஷம், இவ்வளவு போதும். நகல் எடுக்க எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பத்து வருஷத்தையும் மொத்தமாகக் கேட்டால் செலவு ஏறிவிடும். அவர் வேலைக்குச் சேர்ந்த வருஷத்து ஆண்டறிக்கையை மட்டும் முதலில் வாங்குங்கள். கையெழுத்து ஆங்கிலம் முதல் இரண்டு பக்கம் கண்ணைக் கட்டும். ஒரே ஆள் எழுதியது என்பதால் மூன்றாம் பக்கத்தில் பழகிவிடும்.