1971 ஏப்ரலில் இந்திரா காந்தியைத் தடுத்து நிறுத்தியவர் மானெக்‌ஷாவா?

கேள்வி: ‘1971 ஏப்ரலிலேயே கிழக்குப் பாகிஸ்தான் (இன்றைய வங்கதேசம்) மீது படையெடுக்க இந்திரா காந்தி துடித்தார், இராணுவத் தளபதி மானெக்‌ஷா மறுத்துப் பதவி விலகவும் முன்வந்தார் என்கிறார்களே, உண்மையா?’

பாதிதான் உண்மை. படை ஆயத்தமாக இல்லை, பருவமழை நெருங்குகிறது, பனி உருகி இமயமலைக் கணவாய்கள் திறந்தால் சீனா தலையிடலாம் என்று மானெக்‌ஷா எச்சரித்திருப்பார் என்பதில் ஐயமில்லை. ஆனால் பிரதமர் போருக்கு அவசரப்பட்டார், தளபதியின் துணிவுதான் அவரை நிறுத்தியது என்ற பகுதிக்கு அன்றைய அரசுக் கோப்புகள் இடம் தரவில்லை.

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர், வெலிங்டன் இராணுவ முகாமில் வேலை பார்த்த என் மாமா. மானெக்‌ஷா ஓய்வுக்குப் பின் பக்கத்துக் குன்னூரில்தான் வாழ்ந்தார்; அந்த மலையில் அவர்மேல் இருந்த மரியாதையைச் சொல்லி முடியாது. நானும் இதை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஸ்ரீநாத் ராகவன் 1971 பற்றி 2013-இல் வெளியிட்ட நூலைப் படித்தபோது மனம் ஏற்க மறுத்தது. அவரும் இந்திய இராணுவத்தில் அதிகாரியாக இருந்துவிட்டு ஆய்வுக்கு வந்தவர். படையைக் குறைத்துப் பேசவேண்டிய தேவை அவருக்கு இல்லை.

கதையின் ஊற்று, மானெக்‌ஷா பல ஆண்டுகள் கழித்து மேடைகளில் நினைவிலிருந்து சொன்னது. ராகவன் பார்த்ததோ, பிரதமரின் செயலாளராக இருந்த பி. என். ஹக்சர் அந்த நாட்களிலேயே எழுதிய குறிப்புகளை. அவை டெல்லி தீன் மூர்த்தி வளாக நூலகத்தில் இருக்கின்றன. 1971 மே 7 அன்று எதிர்க்கட்சித் தலைவர்கள் வங்கதேசத்தை உடனே அங்கீகரிக்கச் சொன்னபோது, மறுத்தவர் இந்திரா காந்தி. அந்த மறுப்புக்கான வாதங்களை எழுதிக்கொடுத்தவர் ஹக்சர். அவர் அஞ்சியது மழைக்கு மட்டுமல்ல. ஒரு நாடு உடைவதை ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் ஆதரிக்கமாட்டா; நைஜீரியாவிலிருந்து பிரிய முயன்ற பயாஃப்ரா தோற்று ஓராண்டுதான் ஆகியிருந்தது. இந்தியா முந்திக்கொண்டு இறங்கினால், கிழக்கு வங்க மக்களின் போராட்டம் இந்தியாவின் சதியாகிவிடும்.

அந்த அச்சம் வீண் அல்ல என்பதற்கு, டிசம்பரில் போர் மூண்டபின் வந்த டிசம்பர் 7 சான்று. ஒரு கோடி அகதிகள் வந்த பிறகும், டாக்கா படுகொலைகளை உலகமே அறிந்த பிறகும், ஐ.நா. பொதுச்சபையில் போர்நிறுத்தமும் படை விலகலும் கோரிய தீர்மானத்தை 104 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்தவை 11. ஏப்ரலில் போயிருந்தால் சோவியத் ஒன்றியமாவது நம் பக்கம் நின்றிருக்குமா? ஆகஸ்ட் 9 அன்றுதான் அதனுடன் நட்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த ஒப்பந்த யோசனையும் வங்கதேசத்துக்காகப் பிறந்ததல்ல. சோவியத் ஒன்றியம் சீனாவுடன் எல்லையில் மோதிய 1969-இல் மாஸ்கோவே முன்வைத்தது. டெல்லி அதை இரண்டு ஆண்டுகள் இழுத்துக்கொண்டிருந்தது. 1971 ஜூலையில் அமெரிக்க அதிபரின் பாதுகாப்பு ஆலோசகர் கிஸ்ஸிங்கர் பாகிஸ்தான் வழியாகப் பெய்ஜிங்குக்கு இரகசியமாகப் போய்வந்தபின் நிலைமை மாறிவிட்டது.

ஆய்வாளர்கள் எல்லாம் ஒரே குரலில் பேசுவதாக எண்ணவேண்டாம். தூதராக இருந்த சந்திரசேகர் தாஸ்குப்தா 2021-இல் எழுதிய நூலும் மானெக்‌ஷா கதையை ஏற்கவில்லை. ஆனால் அதற்கு மேல் இருவரும் பிரிகிறார்கள். இந்தியா தொடக்கத்திலேயே படை, அரசுறவு இரண்டையும் இணைத்து முழுத்திட்டம் வகுத்துவிட்டது என்கிறார் தாஸ்குப்தா. ராகவனுக்கோ எதுவும் முன்கூட்டி முடிவானதல்ல. மாதத்துக்கு மாதம் உலகம் மாற, டெல்லியும் மாறியது. எனக்கு ராகவன் சொல்வதே பொருந்துவதாகப் படுகிறது. மே மாதக் குறிப்புகளில் நான் கேட்பது தயக்கத்தின் குரல். டிசம்பரை மனத்தில் குறித்துக்கொண்டவர் அப்படி எழுதமாட்டார்.

அப்படியானால் விரைந்து தலையிடச் சொன்னவர் யாருமே இல்லையா? இருந்தார். திருச்சியில் பிறந்தவர், பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராக இருந்த கே. சுப்பிரமணியம். இப்படி ஒரு வாய்ப்பு மறுபடி வராது என்று மார்ச் இறுதியிலேயே வெளிப்படையாகப் பேசினார். அரசு கேட்கவில்லை. அவர் பக்கம் நியாயம் இருந்தது, விரைந்து தலையிட்டிருந்தால் இழப்பு குறைந்திருக்கும் என்று ராகவனே கருதுகிறார்.

இந்த இடத்தில்தான் நான் ராகவனோடு உடன்படவில்லை. அந்த 104 வாக்குகளை என்னால் ஒதுக்கிவைக்க முடியவில்லை. ஆனாலும் சுப்பிரமணியத்தின் வாதத்தை எளிதாகக் கடந்துபோகவும் முடிவதில்லை. அரசு காத்திருந்த அதே ஜூன் மாதத்தில் எல்லையோர அகதி முகாம்களில் காலரா பரவியது. நரம்புவழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோக, மேற்கு வங்கத்தின் பாங்கான் முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை டிரம்களில் நிரப்பி, உறவினர்களையே நோயாளிகளுக்குப் புகட்டச் சொன்னார். அந்த நீர் கிடைத்தவர்கள் பலர் பிழைத்தார்கள். மற்ற முகாம்களில் இறந்தவர்களுக்கு டிசம்பர் வரவே இல்லை.